விதியா, விலையா?

2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் காலை. நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில், நின்றிருந்த கொதிகலனை மீண்டும் இயக்க முனைந்த வேளையில் தீ சீறி எழுந்தது. அன்றே 6 பேர் மாண்டனர். 17 பேர் காயமுற்றனர். அவர்களுள் பலர், அடுத்தடுத்த நாட்களில், ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனையில் கண் மூடினர். மாண்டவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதற்கு 55 நாட்களுக்கு முன்பு, மே 7ஆம் நாள், அதே நிலையத்தின் ஆறாம் அலகிலும் கொதிகலன் வெடித்தது. 8 பேர் தீக்காயமுற்றனர். அவர்களிலும் சிலர் மீளவில்லை.

கொதிகலன் வெடிக்கிறது, குடும்பம் சிதறுகிறது, கோப்பு ஒன்று திறக்கப்படுகிறது, பிறகு கோப்பு மூடப்படுகிறது!

இத்தகைய வேளையில் நம் நாட்டில் முதலில் வந்து நிற்கும் சொல், விதி. ஆறுதல் கூற வருபவர் அதைத்தான் கையோடு கொண்டுவருகிறார். "அவன் நாள் முடிந்தது, யார் என்ன செய்ய முடியும்?" என்கிறார். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல் யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டாமா? கணவனை இழந்தவளுக்கு அதனால் ஒரு வேளைக் கஞ்சியும் கிடைப்பதில்லை. தகப்பனை இழந்த பிள்ளைக்கு அதனால் பள்ளிச் சம்பளம் கட்ட முடிவதில்லை. எந்த ஆலையிலாயினும் சரி, பொறியை நிறுத்திச் சோதிக்க வேண்டிய நாளில், "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று எவர் ஒப்பமிடுகிறாரோ, அவருக்கல்லவா அந்தச் சொல் கேடயமாகிறது! காப்பீட்டுக் கட்டணம் ஒரு காசும் செலுத்தாமல் ஆலை அதிபருக்குக் கிடைக்கும் காப்புறுதியாகவே விதி நம் நாட்டில் வேலை செய்து வந்திருக்கிறது.

ஆகவே விதியை அதன் வணிகர்களிடமே விட்டுவிட்டு, விலையைப் பற்றிப் பேசுவோம். தொழிலாளியின் உயிருக்கும் உறுப்புக்கும் யார், எப்போது, எவ்வளவு விலை வைத்தார்கள்? அந்த விலையைக் கொடுத்தவர் யார்? ஆபத்தைத் தடுக்கும் அதிகாரம், விலை கொடுத்தவர் கையில்தான் இருந்ததா? "உயிருக்கு விலையா!" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். விலை நெடுங்காலமாக வைக்கப்பட்டே வருகிறது, தோழர்களே! நாம் பார்க்க மறுப்பதால் அது மறைந்துவிடுவதில்லை. யாரும் பாராத சந்தையில் விலை குறைந்துதான் போகும்.

இந்த வரலாற்றின் மிகத் தெளிவான பாடம், ஆலையில் அன்று, கடலில் கிடைத்தது. 1790இல் இங்கிலாந்து தன் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றி அனுப்பிற்று. 'இரண்டாம் கப்பல் தொகுதி' என்று வரலாறு அதனைக் குறிக்கும். ஏற்றப்பட்ட தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம். ஏற்றிவிட்டால் போதும், பணம் உறுதி! இறங்கும்போது உயிர் இருக்கிறதா என்று கணக்கு கேட்பார் இல்லை. கைதிக்குரிய உணவைக் குறைத்தால் செலவு மிச்சம். அவன் செத்தாலோ, அவன் பங்கு உணவும் மிச்சம். ஏறத்தாழ 1,000 பேரில் நால்வருக்கு ஒருவர் கடலிலேயே மடிந்தனர். பின்னர் அரசு, தொகையின் ஒரு பகுதியை உயிரோடு கரையிறங்குவோர் எண்ணிக்கைக்கென ஒதுக்கத் தொடங்கியது, மருத்துவரையும் கண்காணிப்பாளரையும் கூடவே ஏற்றியது, சாவு குறைந்தது. கப்பல் அதே மரக்கப்பல், கடலும் அதே உப்புக் கடல். கப்பல் தலைவனின் நெஞ்சில் திடீரென்று அருள் ஊற்றெடுத்ததா? இல்லை. கைதியின் மூச்சு, அவனுடைய வரவுக் கணக்கில் ஏறிவிட்டது!

நம் மக்களையும் இதே ஏற்பாட்டின்கீழ்தான் கடல் கடத்தினர். 1860இல் சென்னையிலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பல், கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழரையும் தெலுங்கரையும் சுமந்து நேட்டாலுக்குச் சென்றது. அந்த ஒப்பந்தக் கூலிமுறையில், கப்பல் மருத்துவருக்கு, உயிரோடு இறக்கிவிடும் ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று ஊதியம் கணக்கிடும் வழக்கம் இருந்தது. ஆனால், அந்த ஊக்கம் கரையோடு முடிந்தது! தோட்டத்தில் அவன் சவுக்கடி பட்டுச் செத்தாலும், காய்ச்சல் கண்டு செத்தாலும், மருத்துவரின் ஊதியத்தில் ஒரு பென்னியும் குறையாது. எங்கே எண்ணிக்கை நிற்கிறதோ, அங்கே அக்கறையும் நின்றுவிடுகிறது. நெய்வேலிக்குத் திரும்பும்போது இந்தக் கப்பல் நமக்கு மீண்டும் தேவைப்படும்.

தரைக்கு வருவோம். 1837இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து, தொடை எலும்பு முறிந்தான். நடுவர் குழு 100 பவுண்டு ஈடு கொடுக்கச் சொல்லிற்று. உயர் மன்றம் அதை மறுத்தது. வேலைக்கு வந்தவன் அதன் ஆபத்தையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டு வந்தான் என்பது அந்தத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த கோட்பாடு. உடன் பணிபுரிவோன் தவற்றால் காயமுற்றால் முதலாளி பொறுப்பல்லர் என்பதும் அதனுடன் பிறந்த இரட்டைப் பிள்ளை. ப்ரீஸ்ட்லி–ஃபௌலர் வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் படிப்பார்கள். நம் நாட்டுப் புரோகிதன் "முற்பிறப்பில் நீ செய்தது" என்றான். அந்நாட்டு நீதிபதி "வேலைக்குச் சேரும்போதே நீ ஏற்றுக்கொண்டது" என்றார். ஒன்று வடமொழியில், மற்றொன்று ஆங்கிலத்தில். இரண்டிலும் முறிந்தது தொழிலாளியின் தொடைதான், செலவும் அவனுடையதேதான்.

இந்தக் கோட்பாட்டின் முதுகெலும்பை முறித்த சட்டங்களுள் முதன்மையானது, பிஸ்மார்க்கின் செர்மனியில் 1884இல் பிறந்தது. பிஸ்மார்க் பாட்டாளியின் தோழர் அல்லர். சமதர்மக் கட்சியை ஒடுக்கச் சட்டம் செய்தவர். எனினும், அல்லது அதனாலேயே, தொழிலாளரைத் தன்பால் இழுக்க விபத்துக் காப்பீட்டைக் கொணர்ந்தார். அந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரே வகைத் தொழில் நடத்தும் முதலாளிகள் அனைவரும் ஒரு சங்கமாகக் கட்டாயம் சேர வேண்டும். விபத்துக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பு சங்கத்தினுடையது. யார் தவறு என்ற கேள்வியே இல்லை. ஆனால் கட்டணம் எல்லாருக்கும் ஒன்றன்று. தொழிலின் ஆபத்தைப் பார்த்து 'அபாய வகுப்பு' பிரித்து, அதற்கேற்ப வசூலித்தனர். சுரங்கக்காரன் கூடுதலாகக் கட்டுவான், துணிக்கடைக்காரன் குறைவாகக் கட்டுவான். அதோடு, பாதுகாப்பு விதிகளை வகுத்து உறுப்பினரை அடக்கும் அதிகாரமும் சங்கத்திற்கு உண்டு. பக்கத்து ஆலைக்காரனின் அலட்சியத்திற்கு நான் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்றால், அவனுடைய பல்சக்கரத்திற்கு மூடி இருக்கிறதா என்று நானே எட்டிப் பார்ப்பேன் அல்லவா? முதலாளியை முதலாளிக்கே காவல் வைத்த ஏற்பாடு அது! 1897இல் இங்கிலாந்தும், தவறு யாருடையது என்று தேடாமல் ஈடு தரும் சட்டத்தைச் செய்து, தன் பழைய கோட்பாட்டைப் பாதி புதைத்தது.

இப்போது நெய்வேலியின் பிறப்பைப் பார்ப்போம். 1935இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்ட கதை தென்னாற்காட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. தெற்கிலே தொழில் இல்லை, தெற்கிலே நிலக்கரி இல்லை, எல்லாம் வடக்கே என்ற ஏக்கம் மேடைதோறும் எதிரொலித்த நாட்கள் அவை. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் முதல் அனல் நிலையம் மின்சாரம் தந்தது. எளிதில் கிடைத்த கரியன்று. மேலே கல்லாய் இறுகிய மண். கீழே, கரிப் படுகையை உடைத்துக்கொண்டு மேலெழத் துடிக்கும் நிலத்தடி நீர். இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், இல்லையேல் ஏரி! மண்ணை வாரச் சக்கரவாளி இயந்திரங்கள் மேற்கு செர்மனியிலிருந்து வந்தன. மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் உதவியால் எழுந்தது. தமிழ்நாட்டின் இரவுகளுக்கு ஒளி வந்தது. அதைப் பழிக்க இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செர்மனியிலிருந்து ஒரு தெரு நீளமுள்ள இயந்திரம் கப்பலேறி வந்தது. அந்த இயந்திரத்தின் அருகே நிற்பவனுக்காக அதே செர்மனி எழுபது ஆண்டுக்கு மேலாக நடத்தி வந்த அபாய வகுப்புக் காப்பீடு வரவில்லை. பல்லும் சக்கரமும் இறக்குமதி ஆயின. கணக்குப் புத்தகம் அங்கேயே தங்கிவிட்டது.

நம் நாட்டில் இருந்த கணக்குப் புத்தகம் எது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுச் சட்டம். அந்த ஆண்டை மனத்தில் வையுங்கள். அதே 1923இன் மே முதல் நாளில்தான் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி, இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். ஒருபுறம் வெள்ளையர் ஆட்சி, பாட்டாளியின் உயிருக்கு விலைப்பட்டியல் எழுதுகிறது. மறுபுறம் பாட்டாளி, தன் உழைப்புக்கு விலை தானே சொல்லப் போவதாக அறிவிக்கிறான். பட்டியல் என்ன கூறிற்று? வயது வந்த தொழிலாளி மாண்டால் 30 மாதச் சம்பளம், அல்லது 2,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது! எது குறைவோ அது! எது கூடுதலோ அது என்று எழுத, அதே மை போதாதா?

ஆனாலும் அந்தச் சட்டம் ஓர் அடி முன்னேற்றமே. தொழிலாளி மாண்டால் முதலாளிக்குச் செலவு உண்டு என்ற எண்ணமே அதற்கு முன் இங்கே வேரூன்றியிருக்கவில்லை. 1855ஆம் ஆண்டின் உயிரிழப்புச் சட்டப்படி வழக்காடலாம் என்பது ஏட்டில் இருந்தது. கூலிக்காரன் குடும்பம் தவற்றை மெய்ப்பித்து, வழக்கறிஞருக்குப் பணம் கட்டி, வென்று வருவதென்பது காக்கை வெள்ளையாகும் கதை.

1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், மருத்துவமனைகள் எழுந்தன, பிணியுற்றவன் முதலாளியின் தயவுக்குக் காத்திராமல் உரிமையாக மருந்து பெற்றான். ஆனால் நம் கேள்விக்கு அது தந்த விடை வேறு. கட்டணம் எல்லா முதலாளிக்கும் ஒரே விகிதம். 2019 ஜூலை முதல் அது கூலியில் 3.25 விழுக்காடு, தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு. விரல்களை மாதந்தோறும் விழுங்கும் அச்சு இயந்திரத்தை மூடியின்றி ஓட்டும் பட்டறைக்கும் 3.25, ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூடி போட்ட பட்டறைக்கும் 3.25! மூடிக்குச் செலவிட்டவன் ஏமாளி ஆகிறான். பிணி மிகுதியாவதற்கு ஆலையின் சுகாதாரக் கேடே காரணமானால், கூடுதல் செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு கூறிற்று. பிரிவு இருந்தது என்பதே பல தொழிற்சங்கத் தோழர்களுக்குப் புதுச்செய்தியாக இருக்கும். இவையெல்லாம் ஆலைக்கு; சுரங்கச் சட்டத்தின்கீழ் வரும் சுரங்கம் அந்தக் காப்பீட்டு வளையத்துக்கே வெளியில் நின்றது.

இனி, கொஞ்சம் கணக்கு. பகுத்தறிவாளர் கூட்டத்தில் கணக்குக்கு அஞ்சுவோர் இரார் என்று நம்புகிறேன்.

2020இல் வெடித்தவை 210 மெகாவாட் அலகுகள். அத்தகைய அலகு முழு வீச்சில் ஒரு நாள் ஓடினால் 50 இலட்சத்து 40 ஆயிரம் யூனிட் மின்சாரம். யூனிட் ஒன்றுக்கு 3 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாள் விற்பனை 1 கோடியே 51 இலட்சம் ரூபாய். இனி மற்றத் தட்டைப் பாருங்கள். அவ்வாண்டில் இருந்த ஈட்டுச் சட்டப்படி, 30 வயதுத் தொழிலாளி மாண்டால், மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணான 207.98ஆல் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவாயினும் கணக்குக்கு 15,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. அந்த உச்சவரம்பும் 2020 ஜனவரியில்தான் வந்தது; அதற்கு முன் பத்தாண்டுக் காலம் 8,000! பெருக்கிப் பார்த்தால், 15 இலட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய். அதாவது, ஓர் அலகை ஒரு நாள் நிறுத்திச் சோதிப்பதால் இழக்கும் விற்பனைத் தொகையில், சட்டப்படி, ஏறத்தாழ பத்து இளைஞர்களின் சாவுக்கு ஈடு கொடுத்துவிடலாம்!

தண்டனைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், விதிமீறலுக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. சாவு நேர்ந்தால் அபராதம் 25,000க்குக் குறையலாகாது என்றது. ஒரு இலட்சம் என்பது, நம் கணக்கில், அந்த அலகு பத்து நிமிடத்துக்கும் குறைவாக ஓடினால் வந்துவிடும் பணம். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்னும் தாராளம்: உயிர்ச்சேதம் விளைவித்த மீறலுக்கு, சிறைக்கு மாற்றாக விதிக்கத்தக்க அபராதம் 5,000 ரூபாய் வரை. அரை நிமிட மின்சாரம்! சக்கரவாளி சில முறை சுழன்று முடியுமுன் அபராதம் ஈட்டப்பட்டுவிடும்.

இதே வேளையில், மின்சாரத்துறையில் ஊக்கம் எவ்வளவு நுட்பமாக அமைக்கப்பட்டிருக்கிறது, பாருங்கள். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிப்படி, ஆலை ஆண்டில் இத்தனை விழுக்காடு நேரம் உற்பத்திக்கு ஆயத்தமாக இருந்தால்தான் அதன் நிலைக்கட்டணம் முழுமையாகக் கிடைக்கும். குறைந்தால் வெட்டு. குறித்த அளவை மீறி உற்பத்தி செய்தால் ஊக்கத்தொகை. இயந்திரம் ஓய்வெடுத்தால் எவ்வளவு நட்டம் என்று பைசாக் கணக்கில் எழுதத் தெரிந்த அரசுக்கு, இயந்திரம் ஓய்வெடுக்காததால் மனிதன் எரிந்தால் எவ்வளவு நட்டம் என்று அதே தாளில் எழுதத் தெரியாதா? மேலாளரைக் கொடியவர் என்று நான் கூறவில்லை. அவர் மேசைமீது இரு தாள்கள் கிடக்கின்றன. ஒன்றில் தொகை எழுதியிருக்கிறது, மற்றது வெற்றுத்தாள். எதைப் பார்த்து முடிவெடுப்பார்?

ஒப்பந்த முறை, அந்த வெற்றுத்தாளையும் மேசையிலிருந்து எடுத்துவிடுகிறது. 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை முதலாளியே ஈடு கொடுக்க வேண்டும் என்று நல்லபடியாகத் தொடங்கிற்று. கொடுத்துவிட்டு, அதை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. ஒப்பந்தக்காரரோ ஏலத்தில் குறைந்த தொகை கூறி வேலை பிடித்தவர். எதைக் குறைத்தார்? கரியின் எடையைக் குறைக்க முடியாது. சாம்பலின் அளவைக் குறைக்க முடியாது. கூலியைக் குறைக்கலாம், காலணியை, கையுறையை, பயிற்சி நாட்களை, இரண்டு ஆள் செய்யும் வேலைக்கு இரண்டு ஆள் என்பதைக் குறைக்கலாம். கொதிகலனை எப்போது நிறுத்துவது என்பதில் அவருக்கு ஒரு சொல்லும் கிடையாது. நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம். ஈட்டுச் செலவு இன்னொருவர் தலையில். தீ மூன்றாமவன் உடலில்! அந்த மூன்றாமவன் யார்? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சிற்றூர்களிலிருந்தும் சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்தும் வந்தவன். நிரந்தரத் தொழிலாளியின் அருகிலேயே நின்று, அவன் பெறுவதில் சிறு பங்கு பெற்று, பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் வேலைநிறுத்தமும் வழக்குமாக அலைந்தவன். வருணத்தை ஒழித்துவிட்டோம் என்கிறோம். ஆலை வாயிலில் இரு நிற அடையாள அட்டைகள் தொங்குகின்றன!

கரையோடு நின்றுபோன கப்பல் மருத்துவரின் ஊதியம் நினைவிருக்கிறதா? ஒப்பந்த முறையும் அத்தகைய கரையைப் போடுகிறது. தூசும் இரைச்சலும் உடனே கொல்வதில்லை. நுரையீரல் இறுக, காது மந்தமாகப் பத்து இருபது ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை ஒப்பந்தக்காரரிடம் மாறியிருப்பான்! எந்த ஒப்பந்தக்காரர் காலத்துத் தூசு அவன் மார்பில் தங்கியது என்று எவர் பிரித்துக் காட்டுவார்? கோலார்த் தங்கவயலில் பாறைத் தூசு உண்டு நுரையீரல் கல்லாகி மடிந்த தமிழர்களின் கதை தெரிந்தும், நாம் இன்னும் வெடித்துச் சிதறும் ஆபத்தையே ஆபத்தென்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். சத்தமில்லாமல் கொல்வது செய்தித்தாளுக்கும் வருவதில்லை, கணக்குக்கும் வருவதில்லை.

ஊக்கமே கிடையாதா என்றால், உண்டு, விருது உண்டு. 1965 முதல் மத்திய அரசு, விபத்து குறைந்த தொழிற்சாலைகளுக்குத் தேசியப் பாதுகாப்பு விருது வழங்கத் தொடங்கிற்று. பின்னர் சுரங்கங்களுக்கும் நீட்டியது. கேடயம், பாராட்டிதழ், மாலை, புகைப்படம். கேலி செய்வது எளிது, நோக்கம் தீயதன்று. ஆனால் 'விபத்தில்லா நாட்கள்' என்று பலகையில் எண் எழுதி, அந்த எண்ணுக்குப் பரிசு வைத்தால் நடப்பது என்ன? விரல் நசுங்கியவனை, "மருத்துவமனைப் பதிவேட்டில் ஏற வேண்டாம், நான்கு நாள் சம்பளத்தோடு வீட்டில் இரு" என்று வேண்டுவார்கள். ஓர் எண்ணைக் காக்க ஒரு காயத்தை மறைப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளியாயின் வேண்டுகோள்கூடத் தேவையில்லை; காயத்தை வெளியில் சொன்னால் நாளை வேலை இருக்காது என்பது அவனுக்கே தெரியும். மேலை நாடுகளிலும், விபத்து எண்ணிக்கையை வைத்துக் காப்பீட்டுக் கட்டணத்தை ஏற்றி இறக்கும் முறையில் இந்த மறைப்பு நோய் உண்டென்று அறிஞர் எச்சரித்துள்ளனர். எனவே பரிசு, நேராத விபத்துக்கு வைப்பதைக் காட்டிலும் நேர்ந்த சோதனைக்கு வைப்பது மேல்: எத்தனை வால்வுகள் கழற்றிப் பார்க்கப்பட்டன, எத்தனை முறை அலகு ஐயத்தின் பேரில் நிறுத்தப்பட்டது, தொழிலாளி சுட்டிய குறைகளில் எத்தனை களையப்பட்டன.

சோதனை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கொரு முறை, நாடெங்கும் ஆலைகளில் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, பொட்டிட்டு, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைக்கிறார்கள். அன்றைக்கு இயந்திரம் நிற்கிறது; நிறுத்த நேரமில்லை என்று ஆண்டு முழுதும் கூறியவர்களே நிறுத்துகிறார்கள்! நின்ற இயந்திரத்தைத் திறந்து, தேய்ந்த பல்லைப் பார்த்து, துருப்பிடித்த குழாயைத் தட்டிப் பார்க்க அதைவிட நல்ல நாள் எது? ஆனால் அன்று திறக்கப்படுவது இனிப்புப் பொட்டலம்.

நீதிமன்றம் இந்தத் திசையில் ஒரு பெரிய அடி வைத்திருக்கிறது. 1985 டிசம்பரில் டில்லியில் ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் வாயு கசிந்தது. அது குறித்த வழக்கில், 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு வகுத்த நெறி இது: ஆபத்தான தொழில் நடத்துவோர், எந்தச் சாக்குமின்றி முழுப் பொறுப்பாளிகள், ஈட்டுத்தொகை, நிறுவனத்தின் பருமனுக்கும் வசதிக்கும் ஏற்ப அமைய வேண்டும், ஏனெனில் அது தடுக்கும் ஆற்றல் உடையதாக இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்குப் பெரிய தொகை! 30 மாதச் சம்பளமா 2,500 ரூபாயா, எது குறைவோ அது என்ற இடத்திலிருந்து, அறுபத்துமூன்று ஆண்டில் எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம்! 2020 ஜூலை 8ஆம் நாள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், நெய்வேலி நிறுவனம் இடைக்கால ஈடாக 5 கோடி ரூபாய் கட்ட வேண்டுமென ஆணையிட்டது. மாண்டோர் குடும்பத்துக்கு 30 இலட்சம் என நிறுவனமும் அறிவித்தது. சட்டக் கணக்கைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. மனமார ஏற்போம். ஆனால் 5 கோடியையும் நம் தராசில் வைத்தால் ஓர் அலகின் மூன்று நாள் விற்பனைக்குச் சற்று மேல், அவ்வளவே. விபத்துக்குப் பின் பாதுகாப்புச் சோதனைக்காக மற்ற அலகுகளையும் நிறுத்த நேர்ந்ததே, அந்த இழப்பு இதனினும் பெரிது. முன்கூட்டியே நிறுத்தியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும் என்பதை இலாபக் கணக்குப் புத்தகமே ஒப்புக்கொள்ளும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துள்ளன. மீறலால் சாவு நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 இலட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்; அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கை மாண்டவர் குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் ஆணையிடலாம். அரை நிமிடம், முக்கால் மணி நேரமாக உயர்ந்திருக்கிறது! வளர்ச்சிதான், மறுக்கவில்லை. அதே தொகுப்பில், ஆய்வாளர் 'ஆய்வாளரும் வழிகாட்டியும்' ஆகிவிட்டார். சிறு குற்றங்களைப் பாதி அபராதம் கட்டி முடித்துக்கொள்ளவும் வழி வந்திருக்கிறது. தொழிலாளர் இயக்கங்கள் இவற்றை எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. எனினும் எதிர்ப்பு முழக்கத்தோடு, வாயிற்கூட்டத்தில் ஒரு சிறு கோரிக்கையையும் நாம் வைக்கலாம். அதற்கு டில்லியில் சட்டம் திருத்த வேண்டியதில்லை. ஏலத் தாளைத் திருத்தினால் போதும்.

1996இல் ஹாங்காங் அரசு தன் கட்டுமான ஒப்பந்தங்களில் ஒரு முறையைக் கொணர்ந்தது. ஒப்பந்தத் தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டைப் பாதுகாப்புக்கெனத் தனியே ஒதுக்கி, ஏலப் போட்டிக்கு வெளியே வைத்துவிட்டனர். அதைக் குறைத்துச் சொல்லி எவரும் வேலை பிடிக்க முடியாது. பாதுகாப்புத் திட்டம் தீட்டினாயா, அதற்கு இவ்வளவு. தொழிலாளிக்குப் பயிற்சி தந்தாயா, அதற்கு இவ்வளவு. வாரந்தோறும் தளத்தைச் சுற்றிப் பார்த்துக் குறித்தாயா, அதற்கு இவ்வளவு. செய்து காட்டினால் பணம். செய்யாவிடில் அந்த வரி அடிக்கப்படும். அரசுப் பணித்தளங்களில் விபத்து வீதம் பின்னர் இறங்கிற்று. அதற்கு இது ஒன்றே காரணம் என்று யாரும் கூறார், இதுவும் ஒரு காரணம்.

நெய்வேலியில் கொதிகலன் பராமரிப்புக்கு 1 கோடி ரூபாய் ஒப்பந்தம் என்றால், அதில் 2 இலட்சம் அப்படி ஒதுங்கும். நம் கணக்கில், ஓர் அலகின் இருபது நிமிட மின்சாரம். அந்த வரிகளின் நேரே 'செய்யப்பட்டது' என்று ஒப்பமிடும் இடத்தில் பொறியாளர் ஒருவரின் கையெழுத்தோடு, ஒப்பந்தத் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த ஒருவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பது கோரிக்கையின் மறுபாதி.